நாற்பதாயிரம் குதிரைகளுக்குத் தண்ணீர்

"சரித்திரம் பொய் சொல்லாது. பொய்யர்களைக் காலம் மன்னிக்கலாம், சரித்திரம் மன்னிக்காது."

முனைவர் ஹிக்மத்துல்லா பாய்காஸியேவ் இதை எழுந்து நின்று சொன்னார். ஒரு கை மேஜைமேல், மறு கை ஜன்னலை நோக்கி. ஜன்னலுக்கு நேர் கீழே கார் கழுவும் இடம். அந்த நேரம் பார்த்து யாரோ ஒரு வண்டியின் அடிவயிற்றில் தண்ணீரைப் பீய்ச்ச ஆரம்பித்தார்கள். அறையில் இருந்த இரண்டு பேருக்கும் "மன்னிக்கலாம்" வரைக்கும்தான் காதில் விழுந்தது.

"யாரை மன்னிக்கணும், தோம்லா?" என்றாள் மவ்ஜூதா.

அவர் மறுபடி முதலிலிருந்து சொன்னார். இந்தத் தடவை உட்கார்ந்தபடியே சொன்னார்.

தாஷ்கெண்டில் நாலெழுத்துப் படித்த பெரியவர்கள் எல்லாருமே தோம்லாதான். பாய்காஸியேவை அவர் மனைவியும் தோம்லா என்றுதான் கூப்பிட்டாள். ஆனால் அவள் கூப்பிடுகிற தொனி வேறு.

மவ்ஜூதாவுடையது கணினி விளையாட்டு செய்யும் கம்பெனி. கம்பெனி என்றால் அவள், நிரல் எழுதுகிற மிர்ஜலால், படம் வரைய வாரத்தில் மூன்று நாள் வருகிற ஒரு பெண், அவ்வளவுதான். அவர்கள் செய்திருந்த விளையாட்டில் ஒரு பக்கம் புகாராவின் அமீர், மறுபக்கம் கோக்கந்தின் கான், நடுவில் இருவருமே தனதென்று சொல்லிக்கொண்ட புல்வெளி. ஆடுகிறவர் ஏதாவது ஒரு அரசை எடுத்துக்கொண்டு படை திரட்ட வேண்டும், கோட்டை பிடிக்க வேண்டும், அடுத்தவன் காலை வாரிவிட வேண்டும். விளையாட்டு ஓரளவுக்கு ஓடியது. அதைப் பார்த்துவிட்டுத்தான் கும்தாஷ் மாவட்டத்தின் ஹாகிம், அதாவது அந்த மாவட்டத்துக்குப் பெரிய அதிகாரி, ஆள் அனுப்பினார். வசந்தப் புத்தாண்டான நவ்ரோஸ் திருவிழாவுக்குள் 'கும்தாஷ் முற்றுகை' என்று புதிதாக ஓர் ஆட்டம் வேண்டும். மேடையில் பெரிய திரையில் அவரே முதலில் ஆடுவார். ஒரே நிபந்தனை: எல்லாம் சரித்திரப்படி இருக்க வேண்டும், இருக்கிறது என்று பாய்காஸியேவ் கையெழுத்துப் போட வேண்டும்.

வேறு யாரும் கையெழுத்துப் போட முடியாது. கும்தாஷைப் பற்றி உலகத்தில் இருப்பது ஒரே ஒரு புத்தகம், அதை எழுதியவர் அவர். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதன் உயிர் நாற்பத்தேழாம் பக்கத்தில் ஒரு வரியில் இருந்தது. பெயர் தெரியாத ஓர் எழுத்தர் எழுதிவைத்த சுவடியில், முப்பத்துநாலு வருஷத்துக்கு முன்னால், பாய்காஸியேவே கண்டெடுத்த வரி. கோக்கந்தின் கானுக்காகக் கும்தாஷைப் பிடிக்க 'கிர்க் மிங் குதிரையேறிற்று'. கிர்க் என்றால் நாற்பது, மிங் என்றால் ஆயிரம். நாற்பதாயிரம் குதிரைவீரர்கள் வந்தும் கும்தாஷ் விழவில்லை.

அந்த ஊர் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டது. ஊர் எல்லையில் கிர்க் மிங் வளைவு. கிர்க் மிங் குஸ்திக் கோப்பை. கிர்க் மிங் கல்யாண மண்டபம். அதில் நானூறு பேர் உட்காரலாம். இந்த நவ்ரோஸில் பாய்காஸியேவுக்குக் கும்தாஷின் கௌரவக் குடிமகன் பட்டம், தோளில் பச்சைப் பட்டை. ஒரு மனிதன் தன் ஆயுளில் கண்டுபிடித்தது ஒரே ஒரு எண் என்றால், அவன் அதை எப்படிப் பிடித்துக்கொள்வான் என்று சொல்லத் தேவையில்லை. அவருடைய மேற்கோள்கள், அவருடைய பதவி, தெருவில் அவர் நடக்கிற நடை, எல்லாவற்றுக்கும் கீழே அந்த நாற்பதாயிரம் பேர் நின்று தாங்கிக்கொண்டிருந்தார்கள்.

வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. படம் வரைகிற பெண் கும்தாஷ் சந்தையை வரைந்து காட்டியபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே போனார்.

"இது என்னம்மா செவப்பா?"

"தக்காளி, தோம்லா."

"எடுத்துடு. அந்தக் காலத்துல இங்க ஒருத்தன் தக்காளிய வாயில வெச்சிருக்க மாட்டான்."

"இது உருளைக்கிழங்கு."

"அதையும் எடுத்துடு."

"சூரியகாந்தி விதை?"

"விதை கொறிக்கிறத வேணா விடு. தர்பூசணி விதைன்னு வெச்சுக்கலாம். கேரட் இருக்கட்டும், ஆனா மஞ்சளா இருக்கணும்."

மாலைக்குள் கும்தாஷ் சந்தையில் வெங்காயமும் மஞ்சள் கேரட்டும் முலாம்பழமும் தவிர வேறொன்றும் இல்லை. "சந்தை மாதிரி இல்லையே, துக்க வீடு மாதிரியில்ல இருக்கு" என்று மிர்ஜலால் முணுமுணுத்தான். பாய்காஸியேவுக்கு அது காதில் விழுந்தது. "உண்மைக்கு ஊறுகாய் வேணாம், தம்பி" என்றார். அந்த வாக்கியம் அவருக்கே பிடித்துப்போய், குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

தண்ணீர்க் கணக்கைக் கேட்டதும் அவர்தான். இதுவரை அந்த விளையாட்டில் படைகள் பசி தாகமில்லாமல் நகர்ந்தன. "அதெப்படி? குதிரை என்ன காத்தைக் குடிச்சா வந்தது?" என்று கோபித்துக்கொண்டார். மூன்று நாள் ஊர்க்கோடிக் குதிரை லாயத்தில் ஒரு வாளியோடு உட்கார்ந்து, எந்தக் குதிரை எவ்வளவு குடிக்கிறது என்று தானே அளந்தார். நாளைக்கு மூன்று பெரிய வாளி. கும்தாஷ் போகிற வழியில் ஏழு கிணறு. ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு ஊறும் என்று பழைய ஆவணங்களிலிருந்து எடுத்துக் கொடுத்தார். புல் எத்தனை நாளில் முளைக்கும், களைத்த குதிரை எவ்வளவு தூரம் போகும், எல்லாம் கட்டம் போட்டு, அடிக்கோடிட்டு, கையெழுத்தும் இட்டுக் கொடுத்தார். மிர்ஜலால் அப்படியே நிரலில் ஏற்றினான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது அடிக்கோடு போடத் தெரியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை பகலில் முதல் ஓட்டம். நாற்பதாயிரம் குதிரைகளும் புழுதி கிளப்பிக்கொண்டு புறப்பட்டன. பாய்காஸியேவ் எழுந்து நின்றுவிட்டார். அவர் கண் கலங்கியதாக மவ்ஜூதாவுக்குப் பட்டது. முப்பத்துநாலு வருஷமாக ஒரு வரியாக இருந்தவர்களை இன்றைக்குத்தான் அவர் நேரில் பார்க்கிறார். மூன்றாம் நாள் திரையில் ஒரு வரி வந்தது.

கிர்க் மிங் அழிந்தது. காரணம்: தாகம்.

"கணக்குல தப்பு" என்றார் பாய்காஸியேவ்.

"உங்க கணக்குதான் தோம்லா. ஏழு கிணத்தையும் ராப்பகலா இறைச்சா ஆயிரத்து அறுநூறு குதிரைக்குக் காணும். மிச்சம் இருக்கறது எங்க போகும்?"

"மழை பெஞ்சிருக்கலாமில்ல?"

மிர்ஜலால் மழை பெய்ய வைத்தான். "பெஞ்சாச்சு. இப்ப சேத்துல மாட்டிக்கிட்டு சாவுறாங்க."

"ஒட்டகத்துல தோல்பையில தண்ணி கொண்டுவந்திருப்பான்."

"ஒட்டகம் விட்டேன். ஒட்டகம் புல்லைத் தின்னுடுச்சு. குதிரை பட்டினி."

"ஆத்தோரமா சுத்தி வரச் சொல்லு."

ஆற்றோரமாகச் சுற்றி வந்தபோது வேறொன்று நடந்தது. பாதை இரண்டு குதிரை அகலம். முதல் குதிரை கும்தாஷ் கோட்டைக் கதவைத் தட்டியபோது, கடைசிக் குதிரை கிளம்பிய இடத்திலேயே நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. நடுவில் அறுபது கிலோமீட்டருக்குக் குதிரை. எப்படியோ எல்லாரும் வந்து சேர்ந்ததாக வைத்துக்கொண்டு நேரே கோட்டை முன்னால் கொண்டு போய் நிறுத்தினால், கணினி இடமில்லை என்றது. கோட்டைச் சுவர் முந்நூறு தப்படி. மிர்ஜலால் விடாப்பிடியாக நிறுத்தினான். ஒரு குதிரைமேல் இன்னொரு குதிரை ஏறி, வைக்கோற்போர் மாதிரி நின்றது.

"பிலாவ் அண்டாவுல அரிசி கொட்டின மாதிரி இருக்கு" என்றான் மிர்ஜலால். பாய்காஸியேவ் சிரிக்கவில்லை.

"தோம்லா, நான் ஒண்ணு சொல்லட்டா?" என்றாள் மவ்ஜூதா. "ரெண்டே வழிதான். தண்ணிக் கணக்கைக் கொஞ்சம் பொய்யாக்கணும். இல்லன்னா எண்ணைக் கொஞ்சம் குறைக்கணும். ஆயிரத்து ஐந்நூறுன்னு வெச்சா வந்து சேந்துடுவாங்க."

"ஆயிரத்து ஐந்நூறா? அது படையாம்மா? கல்யாண ஊர்வலம்."

"அப்ப தண்ணியில பொய் சொல்லலாமா?"

தண்ணீரில் பொய் சொல்லவும் அவருக்கு மனம் வரவில்லை. மூன்று நாள் வாளியோடு உட்கார்ந்தவர். முழுப் பூசணிக்காயைக்கூடச் சோற்றில் மறைத்துவிடலாம். நாற்பதாயிரம் குதிரையை ஏழு கிணற்றில் எங்கே மறைப்பது? "யோசிச்சுச் சொல்றேன்" என்று தொப்பியை எடுத்துக்கொண்டார்.

கும்தாஷிலிருந்து துணை ஹாகிம் ஸய்ஃபிதீன் தினமும் போன் செய்தார். "தோம்லா, நலமா, வீட்ல நலமா, பிள்ளைங்க நலமா, குதிரைங்க வந்து சேந்துதா?"

"வந்துக்கிட்டிருக்காங்க."

"சீக்கிரம் வரச் சொல்லுங்க. வளைவுக்குப் புது பெயிண்ட் அடிச்சாச்சு."

அந்த வாரக் கடைசியில்தான் அந்தச் சோம்சாப் பேச்சு வந்தது. மதியம் மூன்று பேரும் கீழேயிருந்து வாங்கிவந்த, கறி வைத்துச் சுட்ட சோம்சாவைப் பிட்டுப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். மிர்ஜலாலுக்கு ஜிஸாக் பக்கத்தில் பெண் பார்த்திருந்தார்கள். அவன் தாஷ்கெண்டிலேயே பிறந்து தாஷ்கெண்டிலேயே வளர்ந்தவன்.

"அக்கா, பொண்ணோட பெரியப்பா என்னைப் பாத்ததும் நீ எந்தக் குலம்னு கேட்டாரு. என்ன சொல்றதுன்னே தெரியல. நான் எலக்ட்ரிக் ரயில் பக்கத்து வீடுன்னு சொன்னேன். உங்க ஊரும் அந்தப் பக்கம்தானே, நீங்க என்ன?"

"நான் நாப்பது."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "அவ்ளோல்லாம் சொல்ல முடியாது அக்கா. முப்பத்தஞ்சுன்னா நம்பலாம்."

"வயசில்லடா மண்டு. குலம். கிர்க் குலம். எங்கப்பா நாப்பது. எங்கம்மா யூஸ், நூறு. என் கல்யாணத்துல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நூத்தி நாப்பது வந்துட்டா, நூத்தி நாப்பது வந்துட்டான்னு ஒரே கேலி."

"அப்ப ஆயிரமும் உண்டா?"

"ஏன் இல்லாம? மிங். கோக்கந்து கான் வம்சமே மிங் குலம்தான். நம்ம தோம்லாகூட மிங்தான். இல்லையா தோம்லா?"

பாய்காஸியேவ் தலையாட்டினார். வாயில் சோம்சா இருந்தது.

மிர்ஜலால் விரலில் ஒட்டிய கொழுப்பைத் துடைத்துக்கொண்டே, சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னான்: "அப்ப உங்க வீட்டு ஆளு நாலு பேரும் தோம்லா வீட்டு ஆளு நாலு பேரும் குதிரையில வந்தா, நாப்பதாயிரம் பேர் வந்துட்டாங்கன்னு எழுதிடுவாங்களாக்கா?"

சொல்லிவிட்டு அவன்தான் முதலில் சிரித்தான். மவ்ஜூதாவும் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, பாய்காஸியேவைப் பார்த்தாள். அவர் மிச்சச் சோம்சாவைத் தாளில் வைத்து, தாளின் நாலு மூலையையும் நிதானமாக மடித்தார்.

"ஆறிப்போச்சு" என்றார். தொப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

மறுநாள் காலை அவர் சுவடிக் காப்பகத்தில் இருந்தார். எத்தனையோ தடவை அந்த வாசலைத் தாண்டிப் போயிருக்கிறார். உள்ளே போய் அந்தச் சுவடியை மட்டும் மறுபடி கேட்டதில்லை. தானே பிரதி எடுத்து வைத்திருக்கும்போது மூலம் எதற்கு? காப்பாளர் அம்மாள் சுவடியோடு ஒரு அட்டையையும் கொண்டுவந்து வைத்தாள். இந்தச் சுவடியை யார் யார் வாங்கிப் பார்த்தார்கள் என்று எழுதும் அட்டை. அதில் ஒரே ஒரு பெயர் இருந்தது. அவருடையது, இருபத்தேழு வயதுக் கையெழுத்தில். அவர் புத்தகத்தை மேற்கோள் காட்டியவர்கள் நாற்பத்தொரு பேர். பாடப்புத்தகத்தில்கூட வந்திருக்கிறது. அத்தனை பேரும் அவரை நம்பினார்கள். அவர் தன்னை நம்பினார்.

சுவடியில் காற்புள்ளி கிடையாது. அந்தக் காலத்து எழுத்தில் நிறுத்தக்குறியே கிடையாது. எங்கே மூச்சு விடுவது என்று படிக்கிறவன் தீர்மானித்துக்கொள்ள வேண்டியதுதான். 'கிர்க் மிங் குதிரையேறிற்று.' அடுத்த வரி: 'இரு குலத்தாரும் ஒரே அண்டாவில் உண்டனர்.' அதற்கடுத்து: 'அவர்தம் குதிரை அறுபத்து மூன்றும் வாயிற்கிணற்றில் நீர் குடித்தன.' அப்புறம் நீர்ப்பங்கைப் பற்றி மூன்று நாள் பேச்சு, யார் வாய்க்காலை யார் அடைத்தது என்று. நாலாம் நாள் திரும்பிப் போய்விட்டார்கள்.

கையோடு கொண்டுவந்திருந்த தன் புத்தகத்தில் நாற்பத்தேழாம் பக்கத்தைத் திறந்தார். முதல் வரி இருந்தது. இரண்டாவது வரி '... ஒரே அண்டாவில் உண்டனர்' என்றிருந்தது. 'இரு குலத்தாரும்' இருந்த இடத்தில் மூன்று புள்ளி. அடிக்குறிப்பில், அண்டா என்பது படையின் ஒற்றுமையைக் குறிக்கும் உருவகம் என்று அரைப் பக்கம். அறுபத்து மூன்று குதிரைகள் தளபதியின் மெய்க்காவலருடையவையாக இருக்கலாம் என்று இன்னொரு அடிக்குறிப்பு.

அண்டா உருவகமில்லை. அண்டாதான். ஊர் அண்டா ஒன்றில் அறுபது எழுபது பேர் சாப்பிடலாம். அவரே எத்தனை கல்யாணத்தில் சாப்பிட்டிருக்கிறார்.

அவர் வெகுநேரம் அந்த மூன்று புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஆய்வு செய்த கம்யூனிஸ்ட் காலத்தில் குலம் கிலம் என்று எழுதினால் பிற்போக்கு என்பார்கள், ஆய்வு வழிகாட்டி கோடு போட்டு அடித்துவிடுவார், என்ன செய்வது என்று ஒரு சமாதானம் தயாராக வந்தது. நல்ல சமாதானம்தான். ஆனால் வழிகாட்டி எதையும் அடிக்கவில்லை. அந்த வார்த்தை வழிகாட்டி வரைக்கும் போகவேயில்லை. ஓர் இளைஞன் இதே அறையில் உட்கார்ந்து, அறுபத்து மூன்று பேர் வாய்க்கால் சண்டைக்கு வந்ததை வைத்துக்கொண்டு யாரும் முனைவராக முடியாது என்று கணக்குப் போட்டு, வலிக்காமல் மூன்று புள்ளி வைத்தான். மிங் குலத்தில் பிறந்த ஒருவனுக்கு மிங் என்றால் என்னவென்று தெரியாமலா இருந்தது? தெரிந்தே, தெரியாதது போல வைத்த புள்ளி அது. பிறகு பிறகு, வைத்ததே மறந்துபோயிற்று.

காப்பாளர் அம்மாள், "முடிஞ்சுதா தோம்லா?" என்று கேட்டாள்.

"முடிஞ்சுது" என்றார்.

திங்கட்கிழமை அவர் கம்பெனிப் படியேறி வந்து உட்கார்ந்தார். எழுந்து நின்று பேசவில்லை.

"எண்ணை மாத்தணும்" என்றார்.

"எத்தனை போடட்டும்? ரெண்டாயிரம்?" என்றான் மிர்ஜலால்.

"அறுபத்து மூணு."

மிர்ஜலால் வாயைத் திறந்தான். மவ்ஜூதா மேஜைக்கடியில் அவன் காலை மிதித்தாள். பாய்காஸியேவ் சுவடியின் நகலையும் தன் புத்தகத்தின் நாற்பத்தேழாம் பக்கத்தையும் அவள் முன்னால் வைத்தார். அவள் இரண்டு தடவை படித்தாள்.

"கிர்க்கும் மிங்கும்" என்றாள் மெதுவாக. "எங்க ஆளும் உங்க ஆளும்."

"ஆமா. தண்ணிக்கு வந்திருக்காங்க."

"அன்னைக்கே தோணிச்சு, தோம்லா. சொல்லத்தான் வாய் வரல."

"எனக்கும்தான்" என்றார். முப்பத்துநாலு வருஷத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

அறுபத்து மூன்று குதிரைகள் கிளம்பின. கிணற்றுக்குக் கிணறு நின்று குடித்தன. ஒன்று நொண்டியது, அதைக் கையில் பிடித்து நடத்தி வந்தார்கள். கும்தாஷ் கோட்டையில் அதைவிடக் குறைவாகத்தான் ஆட்கள். பாய்காஸியேவ் முதல் தடவையாகத் தானே விசைப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்து கோட்டைப் பக்கம் ஆடினார். ஒவ்வொரு ஆளும் கணக்கு, ஒவ்வொரு வாளியும் கணக்கு. எந்த நேரத்தில் கதவைத் திறந்து பேசுவது, வாய்க்காலில் எத்தனை நாள் பங்கு கொடுப்பது, புகாராவுக்குத் தெரியாமல் கொடுப்பதா, கோக்கந்துக்குத் தெரிந்துவிடாமல் வாங்குவதா. தூரத்தில் இரண்டு பெரிய அரசுகள் மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, நடுவில் இருக்கிறவர்கள் முலாம்பழத்துக்குத் தண்ணீர் பாய்ச்சியாக வேண்டும். ஒன்றரை மணி நேரம் ஆடினார். கடைசியில் வந்தவர்கள் கேட்ட நாற்பத்தைந்து நாள் பங்குக்குப் பதில் முப்பதில் பேசி முடித்துவிட்டு, "தோத்தேனா ஜெயிச்சேனா?" என்று கேட்டார்.

"ரெண்டு பக்கமும் யாரும் சாகல" என்றான் மிர்ஜலால். "இதுக்குப் பேரு என்னன்னு நான் இன்னும் நிரல்ல எழுதல."

"இது நல்லாயிருக்கு" என்றாள் மவ்ஜூதா. "நிஜமாவே நல்லாயிருக்கு. நாம பண்ணினதுலயே இதான் ஆட்டம் மாதிரி இருக்கு." பிறகு, "ஆனா விழாவுல?"

"விழாவுல நான் சொல்லிடறேன்."

"ஹாகிம் முன்னாலயா?"

"அதான் சொல்றேன்னேனே."

ஆட்டத்தின் தலைப்புப் பலகையில் படைக்கு என்ன பெயர் போடுவது என்ற கேள்விக்கு மட்டும் சுலபமாக வழி கிடைத்தது. கிர்க்குக்கும் மிங்குக்கும் நடுவில் ஒரே ஒரு காற்புள்ளி. 'கிர்க், மிங்.' மிர்ஜலால் அதைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டான். பாய்காஸியேவ் எட்ட நின்று பார்த்துவிட்டு, "கொஞ்சம் சின்னதாக்கு, தம்பி" என்றார். "இலக்கணத்துக்கு இவ்ளோ பெரிய கமா வேணாம்."

நவ்ரோஸ் அன்று கும்தாஷில் காற்று சுத்தமாக இருந்தது. கோதுமை முளையைக் காய்ச்சும் சுமலாக் அண்டாக்களைச் சுற்றிப் பெண்கள் பாடினார்கள். வளைவுக்கு அடித்த புது பெயிண்ட் இன்னும் ஒட்டியது. ஸய்ஃபிதீனின் தோளில் ஒரு கோடு இருந்தது. நாற்பதாயிரவரைக் காட்ட நாற்பது குதிரை வரவழைத்திருந்தார்கள், வந்தது இருபத்தாறு. பாய்காஸியேவின் சட்டைப் பையில் மடித்த தாள் ஒன்று. ஐந்து வரி. ராத்திரி பகல் பார்க்காமல் திருத்தித் திருத்தி, பெரிய வார்த்தை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு எழுதியது. கிர்க், மிங் என்பவை நம் இரு குலங்கள், வந்தவர்கள் அறுபத்து மூன்று பேர், தண்ணீருக்காக வந்தார்கள், சாப்பிட்டுவிட்டுப் போனார்கள், இதை மறைத்தது நான்.

பட்டத்தை முதலில் கொடுத்துவிடலாம், பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று ஸய்ஃபிதீன் நிகழ்ச்சி நிரலை மாற்றியிருந்தார். பச்சைப் பட்டையை ஹாகிம் தன் கையாலேயே மாட்டினார். இடது தோளிலிருந்து வலது இடுப்புக்கு. பட்டை அகலம், சட்டைப் பை முழுக்க அதற்குள் போய்விட்டது.

ஹாகிம் திரைக்கு முன்னால் உட்கார்ந்து கோட்டைப் பக்கம் ஆடினார். திரையில் அறுபத்து மூன்று குதிரைதான் தெரிந்தது. "மத்தவங்க பின்னால வர்றாங்களா?" என்று ஸய்ஃபிதீனிடம் கேட்டார். "முன்னணிப்படை, தலைவரே" என்றார் ஸய்ஃபிதீன். கதவைத் திறந்து பேசச் சொல்லி ஆட்டம் கொடுத்த ஆலோசனைகளை எல்லாம் ஹாகிம் தள்ளிவிட்டு, எல்லாரையும் வெட்டச் சொன்னார். நாலு நிமிஷத்தில் முடிந்தது. கைதட்டல் அடங்கியதும் பாய்காஸியேவை அழைத்தார்கள்.

மூன்றாவது வரிசையில் மவ்ஜூதா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பாய்காஸியேவ் ஒலிவாங்கியைப் பிடித்தார். "கிர்க்" என்றார். நிறுத்தினார். வேண்டுமென்றேதான் நிறுத்தினார், மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினார். "மிங்" என்றார். "குதிரையேறிற்று."

அதற்குமேல் தாள் வேண்டும். தாளை எடுக்கப் பட்டையைத் தூக்க வேண்டும். அவர் கை பட்டைமேல் போனது. எதிரே ஒரு கிழவி முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தாள். தோம்லாவுக்கு உணர்ச்சியில் நா எழவில்லை என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள். நெஞ்சில் கை வைத்து நிற்கிற மனிதரைப் பார்த்து ஹாகிம்தான் முதலில் எழுந்தார். பிறகு முன்வரிசை எழுந்தது, பிறகு மைதானமே எழுந்தது. கைதட்டல் நின்ற பிறகும் அவருக்கு நேரம் இருந்தது. ஒலிவாங்கியும் கையில்தான் இருந்தது. அவர், "எல்லாருக்கும் நவ்ரோஸ் வாழ்த்துகள்" என்றார்.

திரும்பி வரும் வண்டியில் மிர்ஜலால், "கமாவுக்கு நல்லா இடைவெளி விட்டீங்க தோம்லா" என்றான். அவன் கேலியாகச் சொன்னானா நிஜமாகச் சொன்னானா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மவ்ஜூதா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். ஜிஸாக் தாண்டியதும் மட்டும், "மூணு புள்ளிக்கு ஒரு கமா பரவால்ல" என்றாள்.

வியாழக்கிழமை மாவட்டப் பத்திரிகை தபாலில் வந்தது. அவர் பேச்சை முதல் பக்கத்தில் போட்டிருந்தார்கள், எண்ணை எண்ணாகவே அச்சடித்திருந்தார்கள்: 40 000 குதிரைவீரர்கள். பாய்காஸியேவ் இரண்டு தடவை படித்தார். திருத்தம் கேட்டு எழுதுவதற்காக ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, தேதியும் போட்டார்.

பிறகு கத்தரிக்கோலை எடுத்து அந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொண்டார். பச்சைப் பட்டையோடு புகைப்படம் நன்றாக வந்திருந்தது.